கரையில் நின்றே திமிங்கலம் பார்க்கலாம்

தென்னாப்பிரிக்கக் கடலோரம்: வாசகர் கேள்வி – பதில்

தென்னாப்பிரிக்காவுக்குப் போகிறவர்கள் சிங்கம், யானை பற்றித்தான் முதலில் கேட்பார்கள். இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கடலைப் பற்றியவை. திமிங்கலம், டால்பின், சீல் (கடல்நாய்) மூன்றையும் ஒரே பயணத்தில் பார்க்க முடியுமா என்பதுதான் பொதுவான கேள்வி. முடியும். மாதத்தையும் கரையையும் சரியாகத் தேர்ந்துகொண்டால் படகுக்கே பணம் கட்டாமல்கூடப் பார்த்துவிடலாம்.

காலாண்டுத் தேர்வு விடுமுறையில் பிள்ளைகளோடு கேப் டவுன் போகிறோம். அப்போது திமிங்கலம் இருக்குமா? எங்கே போக வேண்டும்?
— வாசகி, கோயம்புத்தூர்

இதைவிடப் பொருத்தமான நேரம் கிடையாது. தெற்குக் கடலின் குளிர்நீரில் இரை தேடித் திரியும் ‘சதர்ன் ரைட்’ வகைத் திமிங்கலங்கள் ஜூன் முதல் நவம்பர் வரை தென்னாப்பிரிக்காவின் ஒதுக்கமான வளைகுடாக்களுக்கு வருகின்றன. இணை சேரவும் குட்டி போடவும்தான் இந்தப் பயணம். ஆகஸ்டில்தான் அதிகக் குட்டிகள் பிறக்கும். நீங்கள் போய்ச் சேரும் செப்டம்பர் கடைசியில் குட்டிகளுக்கு ஒரு மாதத்துக்கு மேல் வயதாகியிருக்கும். தாயின் முதுகில் ஏறி உருள்வது, வாலால் தண்ணீரை அடித்துப் பழகுவது எல்லாம் அந்தப் பருவத்தில்தான்.

ஊர், ஹெர்மானஸ். கேப் டவுனிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர், காரில் ஒன்றரை மணி நேரம். என்2 நெடுஞ்சாலையில் போய், பாட் ரிவர் என்ற இடத்தில் ஆர்43 சாலைக்குத் திரும்ப வேண்டும். அங்கும் நம்மைப் போல இடப்பக்கம்தான் வண்டி ஓட்டுவது. கார்டன்ஸ் பே வழியாகக் கடலை ஒட்டிப் போகும் ஆர்44 சாலை நேரம் கூடுதலாக எடுக்கும்; ஆனால் வழி நெடுகக் கடல் தெரியும். போகும்போது என்2, திரும்பும்போது ஆர்44 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம் என்றுதான் பலர் கிளம்புகிறார்கள். அங்கேதான் தவறு நேர்கிறது. ஒருநாள் காற்று பலமாக அடித்தால் கடல் முழுக்க வெள்ளை நுரை பூத்துவிடும். நூறு மீட்டரில் திமிங்கலம் இருந்தாலும் கண்ணுக்குப் பிடிபடாது. குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். ஹெர்மானஸில் திமிங்கலத் திருவிழா நடப்பதும் இதே நாட்களை ஒட்டித்தான். அறை கிடைப்பது கடினம், மூன்று நான்கு மாதம் முன்பே பதிவு செய்துவிடுங்கள். வசந்தகாலம் என்று பெயரே தவிர, கடற்காற்றில் குளிர் எலும்பைத் தொடும். பிள்ளைகளுக்குக் காதை மூடும் தொப்பியும் காற்றுப் புகாத மேல்சட்டையும் கட்டாயம்.

படகில் போனால்தானே அருகில் பார்க்க முடியும்? கரையில் எங்கே நிற்பது, எப்படித் தேடுவது என்றும் சொல்லுங்கள்.
— வாசகர், சென்னை

ஹெர்மானஸைப் பொறுத்தவரை முதல் நாள் கரை, தேவைப்பட்டால் மறுநாள் படகு என்பதே எங்கள் யோசனை. காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. தென்னாப்பிரிக்கக் கடலில் எந்தப் படகும், துடுப்புப் பலகையும் திமிங்கலத்துக்கு 300 மீட்டருக்குள் போகக் கூடாது. திமிங்கலம் காட்டுவதற்கென்று அரசு அனுமதி பெற்ற படகு மட்டும் 50 மீட்டர் வரை நெருங்கலாம். பாறை மேல் நிற்பவருக்கு அப்படி ஒரு கட்டுப்பாடு இல்லை. பாறைக்கு அடியிலேயே ஆழம் இருப்பதால், குட்டியோடு வரும் தாய் சில நாள் படகு நெருங்க அனுமதியுள்ள தூரத்தைவிடவும் அருகில், உங்கள் காலடியிலேயே வந்து மிதக்கும்.

ஊரை ஒட்டிக் கடலோரமாக 12 கிலோமீட்டர் நீள நடைபாதை இருக்கிறது. புதிய துறைமுகத்தில் தொடங்கி குரோட்டோ கடற்கரை வரை போகும். முழுவதும் நடக்க வேண்டியதில்லை. நகர மையத்தில் பழைய துறைமுகத்துக்கு மேலே உள்ள மேடு, பக்கத்தில் கியரிங்ஸ் பாயின்ட் இரண்டும் முதியவர்களுக்கு வசதி. உட்கார பெஞ்சு உண்டு. கூட்டம் பிடிக்காதவர்கள் கிழக்கே சீவர்ஸ் பாயின்ட் பக்கம் நடக்கலாம். ஆளரவமில்லாத இடங்களுக்குத் தனியாகப் போக வேண்டாம். காருக்குள் பையோ கேமராவோ வெளியே தெரியும்படி வைக்கவும் வேண்டாம்.

உயரமான இடம் ஏன் முக்கியம் என்று கேட்கலாம். மணலில் நிற்பவரின் கண் இரண்டு மீட்டர் உயரத்தில் இருந்தால் அவருக்குத் தொடுவானம் ஐந்து கிலோமீட்டரில் முடிந்துவிடும். 30 மீட்டர் மேட்டில் நிற்பவருக்கு அது ஏறக்குறைய 20 கிலோமீட்டர். அதோடு, மேலிருந்து பார்க்கும்போது தண்ணீருக்கு அடியில் இருக்கும் உடலும் நிழலாகத் தெரியும். இன்னொரு வசதியும் உண்டு. தென்கோளத்தில் சூரியன் வடக்குப் பக்கமாகப் போகிறது, ஹெர்மானஸ் தெற்கு நோக்கிக் கடலைப் பார்க்கிறது. அதனால் பகலின் பெரும்பகுதி வெயில் உங்கள் முதுகுப் பக்கம், கண் கூசாது.

தேடும் முறை இது. வந்தவுடன் பைனாகுலரை எடுக்காதீர்கள். வெறுங்கண்ணால் கடலை இடமிருந்து வலமாக மெதுவாக, ஒருமுறைக்கு ஒரு நிமிடம் என்று மேயவிடுங்கள். தேட வேண்டியது உடலை அல்ல, மூச்சை. வெள்ளையாக ஒரு புகை எழுந்து இரண்டு மூன்று விநாடியில் கலையும். அது எழுந்த இடத்தைக் குறித்துக்கொண்டு பிறகு பைனாகுலரைத் திருப்புங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8x42 அளவு போதும். பத்து மடங்குக்கு மேல் பெரிதாக்கிக் காட்டுவது கைநடுக்கத்தையும் சேர்த்துப் பெரிதாக்கும். காற்றில்லாத காலையில் கண்ணுக்கு முன்னால் காதே சொல்லிவிடும்: லாரி டயரில் காற்றைத் திறந்துவிட்டது போல ‘புஸ்ஸ்’ என்று நீண்ட ஓர் ஓசை. உடனே வந்துவிடாது, ஓர் இடத்தில் ஒரு மணி நேரமாவது அசையாமல் உட்காருங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறுகிறவர்கள்தான் ஒன்றும் பார்க்காமல் திரும்புகிறார்கள்.

முழு உடலையும் காற்றில் எறிந்து விழும் துள்ளலைப் படம் எடுக்க விரும்புவோர்க்கு: முதல் துள்ளல் யாருக்கும் கிடைக்காது. ஆனால் சதர்ன் ரைட் ஒருமுறை துள்ளினால் பெரும்பாலும் தொடர்ந்து சில முறை துள்ளும். விழுந்த இடத்துக்குச் சற்று முன்னால், அது போய்க்கொண்டிருந்த திசையில் கேமராவை நிறுத்தி, ஷட்டர் வேகத்தை 1/1000-க்கு மேல் வைத்துக் காத்திருங்கள். ட்ரோன் வேண்டவே வேண்டாம். குட்டியோடிருக்கும் தாயை அது அலைக்கழிக்கும்.

ஊருக்குள் தோளில் கொம்போடு ஒருவர் நடந்து வந்தால் வியக்காதீர்கள். 1992 முதல் ஹெர்மானஸில் ‘திமிங்கல அறிவிப்பாளர்’ என்று ஒரு பணி இருக்கிறது. கடற்பாசித் தண்டில் செய்த கொம்பை ஊதி, திமிங்கலம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று அவர் தெரிவிப்பார். நேரே போய்க் கேட்டாலும் சொல்வார்.

தூரத்தில் தெரிவது எந்தத் திமிங்கலம் என்று சாதாரண மனிதர் எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகர், ஈரோடு

மூச்சு ‘வி’ எழுத்து போல இரண்டாகப் பிரிந்து எழுந்தால், முதுகில் துடுப்பே இல்லாமல் வழுவழுவென்று இருந்தால் அது சதர்ன் ரைட். 14, 15 மீட்டர் நீளம். நம் ஊர் அரசுப் பேருந்தைவிடப் பெரியது. தலையில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் தெரியும். தடித்துச் சொரசொரத்த தோல் அது. வெள்ளை நிறம் அதன்மேல் கூட்டமாக வாழும் சிறு பேன்களால் வருவது. இந்தத் திட்டுகளின் அமைப்பு ஆயுள் முழுக்க மாறுவதில்லை. நம் கைரேகை போல என்று வைத்துக்கொள்ளுங்கள். விமானத்திலிருந்து தலையைப் படமெடுத்து, எந்தத் தாய் எத்தனை வருடத்துக்கு ஒருமுறை குட்டியோடு வருகிறது என்று ஆய்வாளர்கள் 1979 முதல் கணக்கு வைத்து வருகிறார்கள். முன்பு மூன்று வருடத்துக்கு ஒரு குட்டி என்று இருந்தது. இப்போது நான்கு, ஐந்து வருடம் ஆகிறது. தெற்குக் கடலில் போதிய இரை கிடைக்காததே காரணம் என்பது அவர்கள் கணிப்பு. கவலைப்பட வேண்டிய செய்தி இது.

மூச்சு ஒரே புதராக எழுந்து, முதுகில் சிறு திமில் போன்ற துடுப்பும், உடலில் மூன்றில் ஒரு பங்கு நீளத்துக்குக் கைத்துடுப்பும் தெரிந்தால் அது ஹம்ப்பேக். முதுகின் பின்பகுதியில் கொக்கி போல வளைந்த துடுப்போடு, இரண்டு மூன்று முறை மட்டும் தலைகாட்டி மறைந்துபோவது பிரைட்ஸ் திமிங்கலம்.

கரிய தாயின் பக்கத்தில் வெள்ளைக் குட்டி நிற்கும் படம் பார்த்தேன். உண்மையா?
— வாசகி, தஞ்சாவூர்

உண்மைதான். சதர்ன் ரைட் குட்டிகளில் சில வெள்ளையாக, ஆங்காங்கே கரும்புள்ளிகளோடு பிறக்கும். அவை ஏறக்குறைய எல்லாமே ஆண். வளர வளர நிறம் சாம்பலாகிவிடும்.

எங்களுக்கு மே மாத விடுமுறைதான் கிடைக்கும். போவது வீணா?
— வாசகர், திருச்சி

சதர்ன் ரைட் பார்ப்பதே நோக்கம் என்றால் மே மாதம் போகாதீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் திமிங்கலம் காட்டுவதாகப் பணம் கேட்டால், எந்தத் திமிங்கலம் என்று திருப்பிக் கேளுங்கள். பிரைட்ஸ் வகை ஆண்டு முழுவதும் கரையோரக் கடலில் இருக்கிறது. ஆனால் அதைப் பார்ப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. சீல்களும் டால்பின்களும் பன்னிரண்டு மாதமும் உண்டு. மே மாதப் பயணத்தை அவற்றை நம்பித் திட்டமிடுங்கள். திமிங்கலம் தென்பட்டால் உபரி லாபம்.

சீல்களைப் பார்க்க எந்த இடம் நல்லது? பிள்ளைகள் தொட்டுப் பார்க்கலாமா?
— வாசகி, மதுரை

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: கூடாது. பக்கத்திலும் போகக் கூடாது. இங்குள்ள கேப் ஃபர் சீல்களில் ரேபிஸ் பரவியிருப்பது 2024-இல் உறுதியானது. கடல் விலங்குகளிடையே ரேபிஸ் இப்படிப் பரவியது இதற்கு முன் அறியப்படாதது. நோயில்லாத சீலும் ஆபத்துதான். தரையில் அது தவழும் பிராணி என்று நினைத்து அருகில் போகிறார்கள். இந்த வகை பின்துடுப்பை முன்னால் மடக்கி நான்கு காலில் ஓடக்கூடியது. வளர்ந்த ஆண் 300 கிலோ வரை இருக்கும். எந்தச் சீலிடமும் குறைந்தது பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். கடித்துவிட்டால், கீறல் மட்டும் பட்டாலும் சரி, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போய், கடித்தது சீல் என்று சொல்லி ரேபிஸ் ஊசி கேளுங்கள். நாய்க்கடிக்குச் செய்வது எல்லாம் இதற்கும் பொருந்தும்.

இனி இடங்கள். கேப் டவுனில் வாட்டர்ஃப்ரண்ட் துறைமுகத்தில், டூ ஓஷன்ஸ் மீன் காட்சியகத்தை ஒட்டிய மேடையில் சீல்கள் படுத்துக் கிடக்கும், செலவே இல்லை. ஹவுட் பே துறைமுகத்திலிருந்து டைக்கர் தீவுக்குப் படகு போகிறது. போய்வர முக்கால் மணி நேரம். பாறைத் திட்டு முழுக்கச் சீல், சுற்றியுள்ள தண்ணீரிலும் சீல். காலை முதல் படகில் போங்கள். காற்று ஏறிவிட்டால் அலை புரட்டும், பயணமே ரத்தாகலாம். தீவு நெருங்கும்போது வரும் நாற்றம் கருவாட்டுக் கிடங்கையும் மிஞ்சும். கைக்குட்டை கையில் இருக்கட்டும்.

எங்கள் தேர்வு பிளெட்டன்பெர்க் பே ஊரில் உள்ள ராபர்க் மலைமுனைதான். பாதை செங்குத்தான பாறையின் மேலே போகிறது. கீழே சீல்கள் நீந்துவதையும், சில நாள் அவற்றைத் தேடி வரும் சுறாவையும் மேலிருந்து பார்க்கலாம். 2.1, 5.5, 9.2 கிலோமீட்டர் என மூன்று சுற்றுகள் உண்டு. பிள்ளைகளோடு போனால் நடுச்சுற்று போதும். கடைசிச் சுற்றில் முனைக்கு அப்பால் பாறைகளில் இறங்கி நடக்க வேண்டும். அலை திடீரென்று ஏறும் இடம் அது. கடல் குமுறும் நாளில் தவிர்த்துவிடுங்கள். சீல் குட்டிகள் நவம்பர் கடைசியிலும் டிசம்பரிலும் பிறக்கும். கரிய பட்டுத்துணி போன்ற ரோமம்.

மண்டேலா 18 வருடம் சிறையிருந்த ராபன் தீவின் பெயரிலும் சீல்கள்தான் இருக்கின்றன. டச்சு மொழியில் ‘ராபன்’ என்றால் சீல்கள். ‘ராபர்க்’ என்றால் சீல் மலை.

டர்பனில் இருக்கிறோம். கேப் டவுன் வரை 1,600 கிலோமீட்டர் போகாமல் இங்கேயே பார்க்க வழி உண்டா?
— வாசகர், சாட்ஸ்வர்த்

உங்கள் வாசலிலேயே போகின்றன. ஹம்ப்பேக் திமிங்கலங்கள் ஜூன், ஜூலையில் மொசாம்பிக் நோக்கி வடக்கேயும், செப்டம்பர் முதல் நவம்பர் வரை குட்டிகளோடு தெற்கேயும் உங்கள் கரையை ஒட்டித்தான் கடக்கின்றன. உம்ஷ்லாங்கா கலங்கரை விளக்கத்தை ஒட்டிய நடைமேடை நல்ல இடம். அதைவிட நல்லது, உயரமான அடுக்குமாடியில் இருக்கும் உறவினர் வீட்டு பால்கனி. உங்கள் கரை கிழக்கு பார்த்தது என்பதால் விடியலில் வெயில் நேரே கண்ணில் அடிக்கும். பிற்பகலில் காற்று ஏறும். ஒன்பதிலிருந்து பதினொன்று வரை பாருங்கள். அலையின் உட்புறத்தில் சறுக்கி விளையாடும் பாட்டில்நோஸ் டால்பின் கூட்டங்களும் அதே இடத்தில் ஆண்டு முழுவதும் கிடைக்கும்.

இரண்டு நாள் ஒதுக்க முடிந்தால் வடக்கே செயின்ட் லூசியாவுக்குப் போங்கள். அங்கிருந்து ஐசிமங்காலிசோ பூங்காவுக்குள் கேப் விடால் வரை கார் போகும். மணல்மேட்டின் மேலிருந்து பார்க்கலாம். செயின்ட் லூசியாவில் படகை மணலிலிருந்தே அலைக்குள் ஓட்டி இறக்குவார்கள். முதுகுவலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஏற வேண்டாம்.

1860-இல் மதராஸிலிருந்து உங்கள் முன்னோரை ஏற்றிவந்த கப்பல் நுழைந்த அதே துறைமுக வாயிலின் தெற்கே உள்ள பிளஃப் மேட்டில் 1975 வரை திமிங்கலம் வெட்டும் ஆலை இயங்கியது. அந்த வேட்டை நின்றதால்தான் இன்று கரையிலிருந்தே மூச்சை எண்ண முடிகிறது. வீட்டுப் பெரியவர்களுக்கு அந்த ஆலை நினைவிருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

டால்பின் பார்க்கச் சிறந்த ஊர் எது?
— வாசகர், நாகர்கோவில்

உங்கள் ஊர் மீனவர் ‘ஓங்கில்’ என்று சொல்வதில் பல வகை உண்டு. வகைக்கு ஒரு ஊர். பாட்டில்நோஸ் நூற்றுக்கணக்கில் கூட்டமாக வருவது ஆல்கோவா வளைகுடாவில். அதன் கரையில் இருக்கும் போர்ட் எலிசபெத் நகருக்கு 2021 முதல் கெபேஹா என்று பெயர். கரையை ஒட்டிய ஆழமற்ற நீரில் வாழும் கூன்முதுகு டால்பினுக்கு பிளெட்டன்பெர்க் பே. அது மிக அருகிவிட்ட இனம், கண்டால் தள்ளியே நின்று பாருங்கள்.

ஹெவிசைட்ஸ் டால்பினை மட்டும் தவறவிடாதீர்கள். தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கரை, நமீபியா, அங்கோலாவின் தென்பகுதி தவிர உலகில் வேறெங்கும் இல்லாதது. ஆள் உயரம்தான், 1.7 மீட்டர். கேப் டவுன் சீ பாயின்ட் நடைபாதையிலிருந்தே தெரியும். ஆனால் காலையில் மட்டும். இரவெல்லாம் ஆழ்கடலில் மீன் பிடித்துவிட்டு விடிந்ததும் கரைக்கு வரும், பிற்பகலில் திரும்பிப் போய்விடும். மாலை உலாவுக்கு அங்கே போகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். அந்தக் கரை மேற்கு பார்த்தது. மாலை வெயிலும் கண்ணைப் பறிக்கும்.

டி ஹூப் இயற்கைக் காப்பகத்தில் திமிங்கலங்களை இன்னும் அதிகம் பார்க்கலாம் என்கிறார்களே?
— வாசகர், பெங்களூரு

ஆமாம். தாய்–குட்டி ஜோடிகள் அதிகம் கூடும் இடம் அது. கோப்பி அலேன் என்ற மணல்மேட்டில் நின்றால் ஆகஸ்ட், செப்டம்பரில் ஒரே பார்வையில் பத்துக்கு மேல் எண்ணலாம். கேப் டவுனிலிருந்து மூன்று மணி நேரம். கடைசி ஐம்பது கிலோமீட்டர் அளவுக்கு ஜல்லி மண் சாலை. ஆட்கள் அங்கே தடுமாறுவது பஞ்சரில்தான். பிரெடாஸ்டார்ப் ஊரில் பெட்ரோல் நிரப்பி, ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பார்த்து, 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் போங்கள். சாப்பாடும் தண்ணீரும் கையோடு வேண்டும். வாயில் மூடும் நேரத்தை உள்ளே நுழையும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

படகில் வாந்தி வருமே, என்ன செய்வது?
— வாசகி, சேலம்

மாத்திரையைக் குமட்டல் வந்தபின் போட்டால் பயனில்லை. ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். அவோமின் போன்றவை தூக்கம் தரும். பிள்ளைகளுக்கு அளவை மருத்துவரிடம் கேளுங்கள். வெறும் வயிறும் கூடாது, எண்ணெய்ப் பலகாரமும் கூடாது. படகின் பின்பாதியில் நின்று தொடுவானத்தைப் பாருங்கள். போன் திரையைப் பார்ப்பவர்தான் முதலில் வாந்தி எடுப்பார்.

கடற்கரையில் சீலோ டால்பினோ ஒதுங்கிக் கிடந்தால் தண்ணீருக்குள் தள்ளிவிடலாமா?
— வாசகர், புதுச்சேரி

சீலைத் தள்ளாதீர்கள். அது ஓய்வெடுக்கத்தான் வந்திருக்கும். சில நேரம் யானைச் சீல் ஒன்று தோல் உதிர்க்கக் கரையேறி வாரக்கணக்கில் கிடக்கும். பார்க்க நோயாளி போலிருக்கும், ஆனால் நோயில்லை. டால்பினோ திமிங்கலமோ உயிரோடு ஒதுங்கியிருந்தால் அது ஆபத்தில் இருக்கிறது. வாலையோ துடுப்பையோ பிடித்து இழுக்கக் கூடாது, மூட்டு பிசகிவிடும். போனில் 112 அழைத்துக் கடல் மீட்புக் குழுவைக் கேளுங்கள். அவர்கள் வரும்வரை ஈரத்துணியை உடல் மேல் போர்த்தி நனைத்துக்கொண்டே இருக்கலாம். தலைமேல் இருக்கும் மூச்சுத் துளையை மட்டும் மூடிவிடாதீர்கள், அதில் தண்ணீரோ மணலோ விழாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். வால் பக்கம் யாரும் நிற்க வேண்டாம்.